பிஸ்கல் வந்த காலையில் பிடித்த கயிறு

வழக்கில் வென்றவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசித்து முடிக்கும்போது உங்களுக்கு அது மறந்துபோயிருக்கும். எனக்கே சில நாட்களில் மறந்துபோகிறது.

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் அப்பாவின் பெயரில் உறுதிப்பத்திரம் எழுதிய ஒரு துண்டுக் காணி இருக்கிறது. பதினொரு தென்னை, வலையும் கயிறும் வைக்கிற ஒரு வாடி, அதற்கப்பால் கடல் வரைக்கும் மணல். இரண்டு பக்கமும் கல்லுப் பார், தண்ணீருக்கடியில் கூரான பாறை. கரைவலையை இழுத்து ஏற்றக்கூடிய மணல் எங்கள் காணிக்கு முன்னால் மட்டும்தான் கிடக்கிறது. ஆகவே காணி யார் கையிலோ அவர் கையில்தான் அந்தக் கரையின் தொழில். வழக்கு காணிக்கு என்று கடதாசியில் இருக்கும். உண்மையில் அது மணலுக்கான வழக்கு.

சண்டைக் காலத்தில் நாங்கள் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனபோது அப்பா வாடிப் பூட்டின் திறப்பைத் தன் அக்காவின் மகனிடம் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு மச்சான் முறை. அப்பா அங்கே முகாமிலேயே செத்துப்போனார். எல்லாம் முடிந்து நான் திரும்பி வந்தபோது மச்சான் சம்மாட்டி ஆகியிருந்தான். சொந்த வலை, சொந்த வள்ளம், கயிறு இழுக்க இருபது பேர். வாடிக்குத் தகரம் போட்டிருந்தான். திறப்பைக் கேட்டேன்.

"எந்தத் திறப்பு?" என்றான். "அந்தப் பூட்டு உப்புக் காத்தில கறள் பிடிச்சு எப்பவோ போயிட்டுது."

அதன்பிறகு நாங்கள் நீதிபதிக்கு முன்னால், கோட்டில்தான் கதைத்தோம். எத்தனை வருடம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.  நீண்ட காலம் ஆண்டு அனுபவித்தவனுக்கே காணி சொந்தம் என்று அவனுடைய சட்டத்தரணி வாதாடினார். உயிருக்குப் பயந்து ஓடினவனுடைய காணியில் இருப்பது ஆட்சியாகாது என்று என்னுடையவர் வாதாடினார். மாவட்ட நீதிமன்றம் எனக்குத் தீர்ப்புச் சொன்னது. காணி என்னுடையது, அவன் அதை விட்டு எழும்ப வேண்டும்.

அவன் எழும்பவில்லை. மேன்முறையீடு போட்டான்.

இங்கேதான் எங்கள் சனத்துக்குப் பெரிய மயக்கம் ஒன்று இருக்கிறது. அப்பீல் போட்டால் எல்லாம் அப்படியே நிற்கும் என்று நினைக்கிறார்கள். பள்ளிமுனையில் என் வீட்டுக்கு முன்னாலுள்ள கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே எனக்குச் சட்டம் சொன்னார்: "அப்பீல் போட்டிட்டான் எண்டா நீ இனிப் பேரப்பிள்ளையளுக்குத்தான் அந்தக் காணியைக் காட்டலாம்." அப்படி இல்லை. அப்பீல் போட்டதால் மட்டும் தீர்ப்பு நிற்பதில்லை. வென்றவன் கோட்டுக்குப் போய், அப்பீல் முடியும் வரைக்கும் காத்திருக்க முடியாது, இப்போதே நிறைவேற்றித் தா என்று கேட்கலாம். தோற்றவன் வந்து, இப்போது எழுப்பினால் எனக்குப் பாரிய நட்டம், பிறகு அப்பீலில் வென்றாலும் அதைத் திருப்பித் தர முடியாது என்று காட்ட வேண்டும். காட்டினால் நிற்கும். காட்டாவிட்டால் பிஸ்கல் வருவார். பிஸ்கல் என்பவர் கோட்டுக் கட்டளையைக் கொண்டுவந்து ஆளை எழுப்பிக் காணியைக் கையில் தருகிற உத்தியோகத்தர்.

பாரிய நட்டம். இந்த இரண்டு சொல்லை நீங்கள் மறக்கக்கூடாது. என்னைக் கொன்றது அந்த இரண்டு சொல்தான்.

முதல் முறை அவன் இருபது குடும்பத்துக்கு நட்டம் என்று வாயால் சொன்னதைத் தவிர ஒன்றையும் காட்டவில்லை. அப்படி நட்டம் இல்லை என்று நாங்கள் சொன்னோம், வேறு கரையில் போய் வலை போடலாமே என்று நீதிபதியும் கேட்டார். மனைவியின் வீட்டு உறுதியைப் பிணையாக வைத்தேன். அப்பீல் முடியும் வரைக்கும் காணியை விற்கமாட்டேன், வாடியை உடைக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். ஆளை எழுப்பும் எழுத்தாணை கிடைத்தது. தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிஸ்கல் வருவதாகத் திகதி வைத்தார்கள். மனைவி பசாரில் புதிதாக ஒரு பெரிய ஆமைப்பூட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"கறள் பிடிக்காத பூட்டு" என்றாள். "கடைக்காரன் சத்தியம் பண்ணித் தந்தவன்."

அன்று காலை ஆறரைக்கு நாங்கள் கரைக்குப் போனோம். பிஸ்கல் ஓட்டோவில் வந்தார். பின்னால் பொலிஸ் இரண்டு பேர், சாமான் தூக்க இரண்டு கூலியாட்கள். நான் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.  இத்தனை காலம் நினைத்து நினைத்துப் படுத்த காலை அது.

மணலில் கயிறு கிடந்தது. ஒரு முனை எங்கள் முதலாவது தென்னையில் கட்டியிருந்தது. கடலில் வலையைச் சுற்றி விட்டு, அதன் மற்றப் பக்கக் கயிற்றைக் கொண்டு வள்ளம் அப்போதுதான் கரை தட்டியது. வலை வளைத்து முடிந்துவிட்டது. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். முகம் முழுவதும் சிரிப்பு.

"வாங்கோ ஐயா, வாங்கோ. மச்சான், நீயும் வா. அக்கா, கதிரை போடட்டோ?"

"கதிரை எங்கட காணியில எங்கட கதிரையாப் போடுவம்" என்றாள் மனைவி. கையில் பூட்டு.

பிஸ்கல் கட்டளையை உரத்து வாசித்தார். மச்சான் பூசையில் நிற்பதுபோலக் கை கட்டி நின்று கேட்டான். பொலிசைக் கண்டதும் கயிறு இழுக்க நின்றவர்களில் பாதிப்பேர் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்து ஒழுங்கைப் பாதையால் போய்விட்டார்கள். வாசித்து முடிந்ததும் மச்சான் சொன்னான்: "எல்லாம் விளங்கிச்சு ஐயா. நான் சட்டத்தை மதிக்கிற ஆள். சாமானை எடுங்கோ."

கூலியாட்கள் வாடிக்குள் இருந்ததெல்லாம் வெளியே எடுத்தார்கள். பாய், சட்டி, மண்ணெண்ணெய்க் கான், ஒரு அலுமாரி. கயிறு சுற்றி இழுக்கிற வின்ச் பூட்டிய உழவு இயந்திரம் ஒன்றும் நின்றது. அதன் திறப்பை மச்சான் தானே எடுத்துக் கொடுத்தான். கூலியாள் அதை ஓட்டிக்கொண்டு போய் றோட்டில் விட்டான். பிஸ்கல் தன் பட்டியலில் ஒரு கோடு போட்டார். நான் அந்தக் கோட்டைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். என்ன மடையன் நான்.

பிறகு பிஸ்கல் தென்னையில் கட்டியிருந்த கயிற்றடிக்கு வந்தார்.

"இதை அவிழுங்கோ."

"அவிழ்க்கலாம் ஐயா" என்றான் மச்சான். "அவிழ்த்தா வலை போகும். வலையை விடச் சொல்லி உங்கட கடதாசியில கிடக்கோ?"

பிஸ்கல் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காணியில உள்ள அசையும் சாமான்கள் எண்டு கிடக்கு."

"வலை கடலுக்க கிடக்கு, ஐயா. கடல் மாமாவின்ர உறுதிக்க வராது."

பொலிஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். பிஸ்கல் சிரிக்கவில்லை. அவரும் கரைச் சனம்தான், விடத்தல்தீவுப் பக்கத்து ஆள். எங்கள் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. வலை தண்ணீரில் கிடக்கும்வரை அந்தக் கரை வலை போட்டவனுடையது. பகையாளி ஆனாலும், கடன் கொடுத்தவன் ஆனாலும், வலை ஏறும் வரைக்கும் ஒதுங்கி நிற்பான். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் பிஸ்கலின் முகத்தில் இருந்தது.

"சரி. வலையை ஏத்துங்கோ. பிறகு அலுவலைப் பாப்பம்."

"அப்ப உழவு இயந்திரத்தை ஒருக்கா உள்ள விடுங்கோ ஐயா."

"வெளிய எடுத்த சாமானைத் திரும்ப உள்ள விட எனக்கு அதிகாரமில்லை."

"அப்ப கையாலயோ?"

"அது உங்கட பாடு."

மச்சான் திரும்பிப் பார்த்தான். இருபது பேர் இழுக்கிற வலைக்குப் பதினொரு பேர் நின்றார்கள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது. எல்லாவற்றையும் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான், பொலிசைக் கண்டு தன் ஆட்கள் ஓடுவார்கள் என்பதைத் தவிர. ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டுக் கத்தினான். ஓடினவர்கள் வரவில்லை. பதினொரு பேர் இரண்டு பக்கமாகப் பிரிந்து கயிற்றைப் பிடித்தார்கள். நான் மணலில் நின்று பார்த்தேன். சந்தோசமாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். இழு, நாயே, இழு என்று மனதுக்குள் சொன்னேன்.

அரை மணித்தியாலத்தில் நீரோட்டம் மாறியது. மேற்குப் பக்கக் கயிறு வளைந்து வளைந்து கல்லுப் பாரை நோக்கிப் போகத் தொடங்கியது. வலையில் மீன் பட்டிருந்தது. பறவை விழுந்து விழுந்து எழும்பியது. மீன் சேரும் வலைப் பையான மடி அந்தப் பாரத்தோடு கல்லில் ஏறினால் கிழிந்து நாராகும். ஒரு வலை கட்டி எடுக்க எத்தனை மாதம் போகும் என்று அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். மேற்குப் பக்கம் ஐந்து பேர். அதில் ஒரு கிழவர் முழங்கால் மடிந்து விழுந்தார். விழுந்துகொண்டே கத்தினார்.

"கை! கை வேணும்! கை குடுங்கோடா!"

அந்தக் கத்தலுக்கு எங்கள் கரைகளில் யாரும் யோசிப்பதில்லை. கயிறு போகும்போது வெறுங்கையோடு கரையில் நிற்பவன் ஆள் இல்லை. நான் யோசித்துச் செய்தேன் என்று எவனாவது சொன்னால் பொய். கோப்பு என் கக்கத்தில் இருந்தது. அடுத்தது எனக்குத் தெரிய, கயிறு என் தோளில் இருந்தது. கோப்பு மணலில் கிடந்ததாகவும் தான் ஓடிப்போய்ப் பொறுக்கியதாகவும் மனைவி பிறகு சொன்னாள். பொலிஸ்காரர் இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்கள். கூலியாட்களும் வந்தார்கள். பிஸ்கல் மட்டும் கயிற்றைத் தொடவில்லை. தென்னைக்குக் கீழே கடதாசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படித்தவர்.

"இஞ்சாருங்கோ! விசரே உங்களுக்கு?" மனைவியின் குரல் கேட்டது. "அது அவன்ர வலை!"

கேட்டது. கயிற்றை விட முடியவில்லை. விட்டால் எனக்குப் பின்னால் பிடித்து நின்ற பொலிஸ்காரர் குப்புற விழுவார்.

ஒன்பதரைக்கு மடி கரையேறியது. சூடை மீனும் கீரி மீனும், நடுவில் கொஞ்சம் பாரைக்குட்டி. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது, மணலில் அறுபது பேர் நின்றார்கள். ஓடினவர்களும் வெட்கம் இல்லாமல் வந்து நின்றார்கள். கயிறு தொட்டவனுக்குப் பங்கு உண்டு. அதுவும் வழக்கம். பங்கை வேண்டாம் என்றால் வலைக்குச் சாபம் போட்டதாக அர்த்தம். மச்சான் ஒரு பிளாஸ்ரிக் சொப்பின் பையில் மீன் அள்ளி என்னிடம் நீட்டினான்.

"பிடி."

பிடித்தேன். அவனுடைய மகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் எடுக்கிறாள் என்று கண்டேன். ஏன் எடுக்கிறாள் என்று நான் நினைக்கவே இல்லை.

கை உதறிக்கொண்டு பிஸ்கலிடம் போனேன். "ஐயா, வலை ஏறிட்டுது. இனி அலுவலைத் தொடங்குங்கோ."

பிஸ்கல் என்னைப் பார்த்தார், பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

"நான் ஆரை எழுப்பிறது தம்பி? வாதியும் எதிராளியும் ஒண்டா நிண்டு தொழில் செய்து பங்கும் பிரிச்சிட்டியள். இஞ்ச பொலிஸ் ரெண்டு பேர், அவையும் மீன் பையோட நிக்கினம். சனம் அறுபது. ஈர வலை காணி முழுக்கப் பரந்து கிடக்கு. எனக்கு மத்தியானம் கட்டுக்கரைப் பக்கம் இன்னொரு அலுவல் கிடக்கு."

"அப்ப?"

"எழுதி அனுப்பிறன். நிறைவேற்ற முடியேல்லை எண்டு. நீங்கள் கட்டளையைத் திரும்ப எடுங்கோ."

அவர் ஓட்டோவில் ஏறிப் போனார். உழவு இயந்திரத்தை மச்சானின் ஆட்கள் திரும்ப உள்ளே ஓட்டிவந்தார்கள். பாயும் சட்டியும் அலுமாரியும் வாடிக்குள் போயின. நானும் மனைவியும் பஸ் ஏறினோம். மீன் பை என் மடியில். ஆமைப்பூட்டு அவள் மடியில். தாழ்வுபாட்டு றோட்டு முழுக்க அவள் அந்தப் பூட்டைத் திறந்து திறந்து பூட்டினாள். வீட்டுக்கு வந்ததும்தான் வாய் திறந்தாள்.

"அவன்ர மீனை என்ர சட்டியில ஏத்தமாட்டன்."

"அது அவன்ர மீன் இல்லை. என்ர பங்கு."

"அப்ப நீங்களே காய்ச்சுங்கோ."

நானே காய்ச்சினேன். புளி கூடிவிட்டது. நானே தின்றேன்.

எழுத்தாணையைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டோம். அந்தத் திகதிக்கு மச்சானின் சட்டத்தரணி ஒரு படத்தோடு வந்தார். அழகான படம். என் தோளில் கயிறு, பல்லை நெருமிக்கொண்டு இழுக்கிறேன். இரண்டாவது படத்தில் மீன் பை. அதை வைத்துக்கொண்டு அவர் சுருக்கமாகச் சொன்னார்: இந்த வலை போனால் இருபது குடும்பத்துக்குப் பாரிய நட்டம் என்று நாங்கள் முதல் முறை சொன்னபோது வாதி இல்லை என்றார். ஆனால் அந்த நட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தபோது முதலில் ஓடியது அவர்தான். அவர் வாய் சொல்லாததை அவர் கை சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். கதிரையில் இருந்துவிட்டார்.

என்னுடைய சட்டத்தரணி கெட்டிக்காரர். முன்னேற்பாடாக என்னிடம் சொல்லி வைத்திருந்தார்: "நீங்கள் வாயே திறக்கப்படாது. காணியைக் கெதியாக் காலியாக்கத்தான் இழுத்தனீங்கள் எண்டு நான் சொல்லிறன். விளங்குதோ?"

"ஓம்."

"என்ன நடந்தாலும்?"

"ஓம் எண்டுறன்."

அவர் எழும்பினார். காணியைக் காலியாக்கத்தான் என்று அழகாகச் சொன்னார். நீதிபதி தலையாட்டினார். அதோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கொழும்பில் படித்தவர், பாலத்தால் வரும்போது மட்டும் கடலைப் பார்த்தவர். தொடர்ந்து சொன்னார்: "மேலும் கனம் நீதிபதி அவர்களே, வலை என்பது கடலில் கிடப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். அன்றைக்கு அது இழுக்கப்படாமல் ஒருநாள், இரண்டுநாள் கடலிலேயே கிடந்திருந்தாலும் யாருக்கும் எந்த நட்டமும் ஏற்பட்டிருக்காது."

பின் வாங்கில் இருந்த எனக்கு அது தாங்கவில்லை. காசு கொடுத்து வைத்த என் சொந்தச் சட்டத்தரணி, என் பக்கம் வெல்வதற்காகச் சொல்கிறார். தெரியும். ஆனாலும் இப்படியும் ஒரு விசர்க்கதை இருக்குமா? சிறு பிள்ளைகூடச் சொல்லாது.

"அது அப்பிடி இல்லை" என்றேன். எழும்பியே நின்றுவிட்டேன்.

 என் சட்டத்தரணி திரும்பவில்லை. அவருடைய கழுத்து மட்டும் சிவந்ததைக் கண்டேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள்தானே வாதி? என்ன அப்படி இல்லை?"

"கரைவலை கடலில் கிடக்க விடிற வலை இல்லை ஐயா. வளைச்சா இழுக்க வேணும். அண்டைக்கு நீரோட்டம் மாறி மடி பாருக்குப் போனது. இன்னும் கால் மணித்தியாலம் விட்டிருந்தா ஒரு முழம் மிஞ்சியிராது."

"மிஞ்சியிராவிட்டால்?"

எனக்கு எங்கே போகிறேன் என்று தெரிந்தது. ஒழுங்கையின் முடிவில் கிணறு தெரிவதுபோலத் தெரிந்தது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

"அந்த வாடைக்காலம் முழுக்கத் தொழில் இல்லை ஐயா. இருவது வீடு."

நீதிபதி எழுதினார். நீண்ட நேரம் எழுதினார். அவனுடைய சட்டத்தரணி எழும்பக்கூட இல்லை. மேன்முறையீடு முடியும் வரைக்கும் எழுத்தாணை நிறுத்தி வைக்கப்படுகிறது. பாரிய நட்டம் ஏற்படும் என்பது வாதியின் கூற்றாலேயே நிறுவப்பட்டுள்ளது.

வாதியின் கூற்று. என் கூற்று.

வெளியே என் சட்டத்தரணி கோப்பை என் கையில் வைத்தார். "இவ்வளவு காலத்தில எதிராளியின்ர சாட்சி ஒருத்தரும் உங்களைப் போல வடிவாச் சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் என் தொலைபேசியை எடுப்பதில்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். கடலைப் பற்றித் தெரியாவிட்டால் அவர் என்னிடம் கேட்டிருக்கலாம்.

மச்சான் கோட்டு வாசலில் வேம்புக்குக் கீழே நின்றான். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை.

"மச்சான், நாளைக்கு ரெண்டு கை குறையுது. வாறியோ?"

"உன்ர வலை பாரில ஏறி நாறிப் போகட்டும்" என்றேன். வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

அவன் இந்த முறை சிரிக்கவில்லை. "இதை அண்டைக்குச் சொல்லியிருந்தா இண்டைக்குக் காணி உன்ர கையில" என்றான்.

நான் அவனுக்கு அடிக்கப் போனேன். மனைவி பிடித்துவிட்டாள். அடித்திருக்க வேண்டும். அந்த அடிதடி வழக்காவது கெதியில் முடிந்திருக்கும்.

அப்பீல் இன்னும் கிடக்கிறது. திகதி வரும், போவேன், இன்னொரு திகதி தருவார்கள். மனைவியின் உறுதியைக் கோட்டிலிருந்து திருப்பி எடுத்துவிட்டோம். தெற்குக் கரைக்கு நான் போவதில்லை. பயத்தால் இல்லை. அவன் வலை வளைத்திருக்கும் நேரமாகப் பார்த்து எவனாவது கை, கை என்று கத்தினால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போவதில்லை.

ஆமைப்பூட்டு எங்கள் கோழிக்கூட்டில் தொங்குகிறது. கடைக்காரன் சொன்னது பொய். கறள் பிடித்துவிட்டது.